சொல்லப்படாத செய்தி

பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுத்துக் கண்டது தமிழ் மரபு. 'பூப்பு' என்னும் சொல்லைத் தொல்காப்பியம் கூச்சமின்றிக் கையாளுகிறது. அத்தகைய மொழி வழங்கும் வீடுகளில், பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் ஆடையில் குருதிக்கறையைக் கண்டு, தீராத நோய் வந்துவிட்டதென அஞ்சி அழுவது இன்றும் நிகழ்கிறது.

அதன்பின் நடப்பவை அனைவரும் அறிந்தவை. தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுகிறார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் உறவினர் வீடுகளிலிருந்து வருகின்றன. மஞ்சள் நீராட்டு விழாவிற்குப் பதாகையும் ஒலிபெருக்கியும் வந்துவிடுகின்றன. ஊர் முழுவதற்கும் செய்தி அறிவிக்கப்படுகிறது. செய்திக்கு உரியவளிடம் மட்டும் எவரும் எதையும் விளக்குவதில்லை. 'அங்கே போகாதே, இதைத் தொடாதே' என்னும் கட்டளைகளே அவள் பெறும் பாடம். சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுவதற்குச் செலவிடும் நேரத்தில் கால்பங்கு போதும், அவளுக்கு உண்மையை எடுத்துரைக்க.

அவ்வுண்மை கடினமானதும் அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் அண்டகத்தைத் தூண்டுகின்றன. அண்டகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மார்பு வளர்கிறது, உயரம் விரைந்து கூடுகிறது. கருவைத் தாங்குவதற்கெனத் தடித்த கருப்பையின் உட்சுவர், கரு உருவாகாதபோது குருதியுடன் வெளியேறுகிறது. பெருவெள்ளமெனச் சிறுமி அஞ்சும் அக்குருதி, ஒரு சுழற்சியில் பெரும்பாலும் 80 மில்லிலிட்டரைத் தாண்டுவதில்லை. தொடக்க ஆண்டுகளில் அது 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். இதை அறியாதவள், தோழிக்கு மாதந்தோறும் வருவது தனக்கு வரவில்லையே எனத் தனியே வருந்துகிறாள். பள்ளிக்குச் செல்லவியலாத வலியோ, ஏழு நாளைக் கடந்த குருதிப்போக்கோ இருப்பின் மருத்துவரை நாடவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. 'பெண்ணென்றால் பொறுத்துக்கொள்' என்பதே அதற்கும் விடை.

பாடநூலில்தான் இருக்கிறதே என்பர் சிலர். வளரிளம் பருவம் குறித்த பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் இருப்பது உண்மையே. ஆனால் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே பூப்பெய்திவிடும் மாணவிக்கு அது கடந்துபோன கதை. உடலோ முன்னரே அறிவித்துவிடுகிறது. மார்பு வளரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தே முதல் பூப்பு நிகழ்கிறது. அவ்விரண்டு ஆண்டுகளும் பெரியோர்க்கு இயற்கை தந்த கால அவகாசம். ஒன்பது, பத்து வயதில் தாயோ ஆசிரியரோ அமைதியாகப் பேசிவிட்டால், அந்த முதல் நாள் அச்சமூட்டும் நாளாக இராது.

தாய்மாரைக் குறைகூறுதல் எளிது. அவர்களுக்கும் எவரும் கூறவில்லையே! தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தின் வழியே வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்குகிறது. அதன்மீதான சரக்கு மற்றும் சேவை வரியும் 2018இல் நீக்கப்பட்டது. இவை சிறிய செயல்கள் அல்ல. ஆயினும் பள்ளியில் அதைப் பெறும் மாணவி, செய்தித்தாளில் சுற்றி, துப்பட்டாவின் அடியில் ஒளித்தே எடுத்துச் செல்கிறாள். மறைக்குமாறு அவளிடம் எவரும் வாய்திறந்து கூறியதில்லை.