மன்றோவும் தொப்பூர் கணவாயும் - காப்பி பேஸ்ட் வரலாறு பற்றி ஒரு புலம்பல்

ஏற்காடு பயணப் பதிவு எழுதுற நம்ம மக்கள் கிட்ட ஒரு சின்ன வேண்டுகோள். "1842-ல் அப்போதைய சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்"ங்கிற வரியை தயவுசெஞ்சு இனிமே யாரும் காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. மன்றோ 1827 ஜூலையில பத்திகொண்டாவுல காலரா வந்து செத்துப் போயிட்டார். 15 வருஷம் கழிச்சு ஆவியா வந்து மலை ஏறியிருந்தாத்தான் உண்டு :-)

மலை மேல காப்பிச் செடி கொண்டு வந்தது 1820-லேர்ந்து 1829 வரைக்கும் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன். அதுக்கும் பல தலைமுறை முன்னாடியிருந்தே சேர்வராயன் மலையில மலையாளி பழங்குடி மக்கள் குடியிருக்காங்க. அப்புறம் என்ன கண்டுபிடிப்பு வேண்டிக்கிடக்கு?

சரி, தேதியை மட்டும் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. மன்றோவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் நிஜமாவே ஒரு தொடர்பு உண்டு. ஆனா அது மலை மேல இல்லை, மலைக்கு மேற்கே கீழ இருக்கிற தொப்பூர் கணவாய் பக்கம். பெங்களூர்லேர்ந்து ஏற்காடு வர்ற அத்தனை பேரும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி அது வழியாத்தான் சேலத்துக்கு இறங்குறோம். அதைப் பத்தி ஒருத்தரும் நாலு வரி எழுதுறதில்லை.

இந்தக் கணவாய் ரொம்ப காலமா ஒரு எல்லைப்புறம். வடக்கே மேட்டுப் பக்கம் பாராமகால், அதாவது இப்போதைய தருமபுரி, கிருஷ்ணகிரி. தெற்கே பள்ளத்துல தாலாகாட், அதாவது சேலம் பக்கம். மைசூர்ப் படை சமவெளிக்கு இறங்கணும்னாலும், கம்பெனிப் படை மேலே ஏறணும்னாலும் இது ஒரு முக்கியமான வாசல். 1790 நவம்பர்ல மெடோஸ், மேக்ஸ்வெல் ரெண்டு பேரோட படையும் பக்கத்துலயே இருக்கும்போது, திப்பு சுல்தான் தன் மொத்தப் படையோட இந்தக் கணவாய் வழியா நழுவி இறங்கி திருச்சி பக்கம் போயிட்டார்.

1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்துச்சு. கேப்டன் ரீட் முதல் கலெக்டர். அவருக்குக் கீழே மூணு உதவியாளர்கள்: வடக்கே கிரகாம், நடுவுல தருமபுரியில மன்றோ, தெற்கே சேலத்துல மெக்லியாட். 1799 வரைக்கும் மன்றோ இங்கேதான் வரி கணக்கு எழுதிட்டு இருந்தார். 1965-ல சேலத்துலேர்ந்து தருமபுரி தனி மாவட்டமா பிரிஞ்சப்பவும் எல்லை இந்தக் கணவாய்ப் பக்கமேதான் விழுந்தது. ராஜாக்கள் போனாங்க, கம்பெனி போச்சு, எல்லை மட்டும் அங்கேயே இருக்கு.

இன்னைக்கு அதே வழியிலதான் ஸ்ரீநகர் - கன்னியாகுமரி நெடுஞ்சாலை (பழைய எண் 7, இப்போ 44) போகுது. பேப்பர்ல தொப்பூர்னு பேர் வந்தா அது பெரும்பாலும் விபத்துச் செய்திதான். 2020 டிசம்பர் 12-ம் தேதி சிமெண்ட் லாரி ஒண்ணு கட்டுப்பாடு இழந்து, வரிசையா நின்னுட்டு இருந்த வண்டிகள் மேல ஏறி நாலு பேர் செத்தாங்க. 2024 ஜனவரி 24-ம் தேதி திரும்பவும் நாலு பேர். அந்த சிசிடிவி வீடியோவை நாம எல்லாருமே வாட்ஸப்புல ஃபார்வர்ட் பண்ணினோம். அதோட சரி.

ஒவ்வொரு தடவையும் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "டிரைவர் நியூட்ரல்ல இறக்கிட்டு வந்தார்." இருக்கலாம். கியர்ல வந்தா இன்ஜினே வண்டியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்த பாரமும் பிரேக் மேல. நீளமான இறக்கத்துல மிதிச்சுட்டே வந்தா பிரேக் சூடேறி, கடைசியில பிடிக்காமலே போயிடும். ஆனா டீசல் மிச்சம் பிடிச்சாத்தான் கையில நாலு காசுன்னு இருக்கிற ஆள் நியூட்ரல்ல விடத்தானே செய்வான்?

எங்க ஃபீல்டுல ஒரு ஸ்க்ரீன்ல நூறு பேர் ஒரே தப்பைப் பண்ணினா அதை யூசர் எரர்னு சொல்லித் தப்பிக்க முடியாது. டிசைன் சரியில்லைன்னு அர்த்தம். கட்டமேடு, இரட்டைப் பாலம்னு அதே இடங்கள்ல திரும்பத் திரும்ப வண்டி கவிழுதுன்னா அங்கேயும் அதே நியாயம்தான். உயர்மட்டச் சாலைத் திட்டம்னு அறிவிச்சதே, சரிவுல குறை இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான். அப்புறமும் பழியை மட்டும் டிரைவர் தலையில கட்டுறது என்ன நியாயம்?

ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு, பக்கத்துல நின்னு நாம போட்டோ. அந்த ரோடு அழகுதான், மறுக்கலை. ஆனா அதைப் பத்தி ஆயிரம் பதிவு, அதுவும் செத்துப் போன கவர்னரை மலை ஏத்தி. கீழே இருநூறு வருஷத்துக்கும் மேலான நிஜ வரலாறும், நேத்து வரைக்கும் செத்தவங்க கணக்கும் இருக்கிற ரோட்டுக்கு ஒரு பத்தி கூட இல்லை. நாம எழுதுறதுதானே நாளைக்கு கூகுள்ல வரலாறா வந்து நிக்கப் போகுது?

அதனால அடுத்த ஏற்காடு பதிவுல மன்றோவைக் கொண்டு போய் தருமபுரியில விட்டுடுங்க. தொப்பூருக்கு ஒரு பத்தி ஒதுக்குங்க. படிச்சுட்டு வர்றவன் இறக்கத்துல ரெண்டாவது கியர்ல வந்தா, பதிவு எழுதினதுக்கு அதுவே போதும்.

டிஸ்கி: "நீ மட்டும் யோக்கியமா, ஏற்காடு போட்டோ போட்டதில்லையா"ன்னு கேட்டு வரப்போற நண்பர்களுக்கு: போட்டிருக்கேன், இனியும் போடுவேன். பத்தொன்பதாவது வளைவு ரொம்ப நல்லா இருக்கும்!