ரயில் பாதை வேலைக்கு நிலம் விடலாமா?

“ரயில் பாதை வேலைக்கு வரும் ஆட்கள் தங்கக் கொட்டகை போடவும், ஜல்லி கொட்டவும் ஒப்பந்ததாரர் இரண்டு ஏக்கர் கேட்கிறார். கொடுக்கலாமா?” - வாசகர், மோகனூர் வட்டாரம்.

கொடுக்கலாம். ஆனால், நிலம் எந்த நிலையில் திரும்பி வரும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சேலத்துக்கு 1861-ல் ரயில் வந்தது. நம் நாட்டில் முதல் ரயில் பாதைகள் போடப்பட்ட அந்தக் காலத்தில் மண்வெட்டியும் கூடையும்தான் கருவிகள். ஆண்கள் மண் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் சுமந்தார்கள். பாதையோரம் குடிசை போட்டுத் தங்கி, வேலை நகர நகரக் குடும்பத்தோடு இடம் மாறினார்கள். நெரிசலாலும் அசுத்தத் தண்ணீராலும் பல முகாம்களில் காலரா பரவியது. கரை போடப் பக்கத்து நிலத்திலேயே மண் எடுத்ததால், ஆட்கள் போன பிறகும் குழிகள் மிஞ்சின.

சேலம்-நாமக்கல்-கரூர் பாதையில் 2013-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 85 கிலோமீட்டர். இன்று கூடைக்குப் பதில் டிப்பர் லாரி. அதன் பாரத்தில் மண் இறுகி, மழைநீர் கீழே இறங்காது.

அரசே தற்காலிகமாக நிலம் எடுப்பது வேறு. 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 81, 82-ம் பிரிவுகளின்படி, அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். சேதத்துக்கு இழப்பீடு உண்டு. நிலம் முன்பிருந்த பயன்பாட்டுக்கு நிரந்தரமாக உதவாமல் போனால், அரசே வாங்கிக்கொள்ளும்படி உரிமையாளர் கேட்கலாம். ஒப்பந்ததாரரிடம் நேரடியாக விடும்போது, பத்திரத்தில் எழுதியதுதான் பாதுகாப்பு. ஓராண்டுக்கு மேல் என்றால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

பத்திரத்தில் இவை இருக்கட்டும்: மேல்மண்ணை அரை அடி வழித்து ஓரமாகக் குவித்த பிறகே கிராவல் போட வேண்டும். குழி தோண்டி மண் எடுக்கக் கூடாது. கழிப்பறைக் குழி கிணற்றுக்கு அருகில் கூடாது. காலி செய்யும்போது ஜல்லி, கான்கிரீட் கழிவை அகற்றி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பித் தர வேண்டும். அதற்கு முன்பணமும் வாங்கிக்கொள்ளலாம். கொடுக்கும் முன்பே நிலத்தைப் படம் எடுத்து, மண் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

நிலம் திரும்பியதும் உளிக்கலப்பையால் ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் உழவும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடவும். 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். மறுபடி மண்ணைப் பரிசோதித்த பிறகு பயிர் வைக்கலாம்.