கை ஓங்கவில்லையே, கலகம் எங்கே?

கனவான்கள் கத்தினால் 'டிபேட்'! கஞ்சிக்கு வழியற்றோர் கத்தினால் 'ரயட்'! இதுதானே ஆங்கில ஏடுகள் சிலவற்றின் அகராதி?

ஆங்கிலத்திலே சொல்லுக்கா பஞ்சம், தோழர்களே? காரணம் காட்டி வாதாடினால் 'ஆர்கியுமென்ட்'. மனக்கசப்பு முற்றிச் சீறினால் 'குவாரல்'. நாலுபேர் காணக் காரசாரமாக ஏசிக்கொண்டால் 'ஆல்டர்கேஷன்'. ஆலை வாயிலிலே கூலி கேட்டுக் குரல் உயர்ந்தால், அதற்குப் பொருந்தும் சொல் இதுவே!

கை ஓங்கிய பிறகுதான் சட்டத்தின் சொற்கள் வருகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டுங்கள். பொது இடத்திலே இருவர் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தாலே 'அஃப்ரே'. 194ஆம் பிரிவு, ஒரு மாதம் வரை சிறை. ஐவரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, அந்த நோக்கத்துக்காக வன்செயலில் இறங்கினால்தான் 'ரயட்'. 191ஆம் பிரிவு, ஈராண்டு வரை சிறை! வெறும் வாய்ச்சண்டைக்கு இவ்விரு பிரிவிலும் இடமேது?

ஏடெழுதும் நண்பரே! காவல் நிலைய ரைட்டரே! உயர்ந்தது குரலா, கையா? கேட்டறிந்து எழுதுங்கள். ஒரு சொல் தவறினால், உங்களுக்கு அது எழுத்துப் பிழை. உழைப்பவனுக்கோ ஈராண்டுச் சிறை! தீர்ப்புக்கு முன்பே தலைப்பு தண்டிக்கலாமா?