ஜூலையையும் ஜனவரியையும் ஒரே தாளில் கீறுவோம்

மட்டக்களப்பு மழையைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் வருடச் சராசரியைத்தான் சொல்கிறார்கள். ஜூலை வறட்சியையும் ஜனவரி வெள்ளத்தையும் கலந்து செய்த எண் அது. அதை வைத்து என்ன முடிவெடுக்கிறது?

மாரியில் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டுறதா, பொறுக்கிறதா? வாவி நிரம்பினால் படுவான்கரை வெள்ளாமை தாழும். வெட்டினால் மீனும் இறாலும் தண்ணியோட போயிடும் என்பது மீன்பிடிக்கிறவர்களின் கவலை. இங்கே கேட்க வேண்டியது, ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற நாட்கள் எத்தனை என்பதுதான்.

சாதாரண தரத்தில் நாங்கள் கீறிய திரள் மீடிறன் வளையி இதைச் சொல்லும். 0.9 உயரத்தில் பார்த்தால், பத்து நாளில் ஒன்பது நாள் மழை எந்த அளவைத் தாண்டவில்லை என்று தெரியும்.

இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளில் இது இரண்டே வரி. ஜூலைக்கு ‘பிளொட்’, ஜனவரிக்கு ‘லைன்ஸ்’, இரண்டுக்குள்ளும் ‘ஈசிடிஎஃப்’. ஆனால் கிடையச்சின் நீளத்தை முதல் கீறுகிற மாதமே தீர்மானிக்கும். ஜூலையை முதலில் கீறினால் ஜனவரியின் நீண்ட வால் தாளுக்கு வெளியே போயிடும், மென்பொருள் எச்சரிக்காது. இரண்டு மாதத்துக்கும் பொதுவான எல்லையை ‘எக்ஸ்லிம்’ மூலம் முதலே கொடுக்க வேணும்.

2011 ஜனவரி வெள்ளம் அந்த வாலில்தான் இருக்கு. வறண்ட மாதத்தின் அளவுகோலால் வெள்ளத்தை அளக்கக் கூடாது. முகத்துவாரம் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் சராசரியை எடுத்துவிட்டு இந்தத் தாளை வையுங்கள். விவசாயியும் மீனவரும் ஒரே படத்தைப் பார்த்து வாதாடட்டும்.