பந்தும் வைத்தியமும்

உயர்தர விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்த மாத்திரத்திலேயே, எமது அப்புத்தளைப் பிரதேசத்துத் தோட்டப் பிள்ளைகளிற் பலர் உதைபந்தாட்டத்துக்கு நிரந்தரமாக விடை கொடுத்து விடுகின்றனர். கொழுந்து பறித்த சம்பளத்தில் மகனையோ மகளையோ டாக்டராகக் காண விரும்பும் பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அவர்கள் டாக்டர் தலிமெரென் ஆவோவின் சரித்திரத்தை அறிதல் வேண்டும்.

நாகா மலைக் கிராமமொன்றிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, அவரது விருப்பப்படி வைத்தியராகும் சங்கற்பத்துடன் கல்கத்தா கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியிற் பயின்ற அவர், மோகன் பாகான் கழகத்தின் தலைவராகவும், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதலாவது உதைபந்தாட்ட அணித் தலைவராகவும் விளங்கினார். சப்பாத்தின்றிப் பெரும்பாலோர் ஆடிய அவ்வணி, இரு தண்டனை உதைகளைத் தவறவிட்டு, பிரான்சிடம் 2-1 எனத் தோற்றது. ஆவோ 1950இல் வைத்தியப் பட்டம் பெற்றார். தம் மலை மக்களிடமே திரும்பி, நாகாலாந்தின் சுகாதார சேவைகள் பணிப்பாளராக உயர்ந்தார். பிரேசிலின் உதைபந்தாட்ட வீரர் சோக்ரடீசும் வைத்தியக் கல்வியை முடித்த பின்னரே கொரிந்தியன்ஸ் கழகத்துக்குச் சென்று, 1982 உலகக் கிண்ணத்தில் தம் தேசத்துக்குத் தலைமை தாங்கினார்.

இரவு முழுதும் வாட்டில் நின்றவன் காலையில் மைதானத்தில் ஓடுவது கடினம். எல்லோர்க்கும் அது சாத்தியமென்று நாம் கூறோம். ஆனால் ஆட்டத்தைக் கைவிடும் தீர்மானம் பதினாறு வயதில் பிறரால் திணிக்கப்படலாகாது. அதிபர்கள் மாலையில் ஒரு மணி நேரத்தையேனும் விளையாட்டுக்கு விட்டுவைக்குமாறும், தோட்ட நிர்வாகங்கள் லயங்களின் கீழுள்ள மைதானங்களைச் சமப்படுத்தித் தருமாறும் வேண்டுகின்றோம்.