பள்ளிக்கு வெளியே நிற்பது யாருடைய பிள்ளை?

வீட்டுவழிக் கல்வியைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே அது அனுமதிக்கப்பட்டதே. கொல்கத்தாவின் பாலிகஞ்சிலும் சால்ட் லேக்கிலும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்ட பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் விடை இது. கல்விப்புலத்தாரும் தயக்கமின்றி வழிமொழிகின்றனர். சட்டத்தைப் படித்துக் கண்ட விடையன்று இது. சட்டம் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது என்ற துணிவிலிருந்து பிறந்தது.

சட்டம் சொல்வது வேறு. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் அரசமைப்பில் 21அ பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் 51அ பிரிவில் சேர்த்த கடமை, பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிக்குமாறு மட்டுமே பெற்றோரைக் கேட்கிறது. இவ்விரண்டிலும் ‘பள்ளி’ என்ற சொல் இல்லை. அச்சொல் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில்தான் நுழைகிறது. அதன் 3-ஆம் பிரிவு தருவது அருகமைப் பள்ளியில் படிக்கும் உரிமை. 10-ஆம் பிரிவு பெற்றோர்மீது சுமத்துவது பள்ளியில் சேர்க்கும் கடமை. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளி வருகையின் வழியாகவோ வேறு வகையிலோ பிள்ளைக்குக் கல்வி தரலாம் என்கிறது. அந்த ‘வேறு வகை’ இந்தியச் சட்டத்தில் இல்லை. விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தோரை இச்சட்டம் தடுக்கவில்லை என்று 2012-இல் ஒன்றிய அரசு டெல்லி உயர்நீதிமன்றத்தில் கூறியதுண்டு. அக்கூற்று சட்ட ஏட்டில் ஏறவே இல்லை.

கடமையை விதித்த சட்டம், அதை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வி வாழ்வது இந்த இடுக்கில்தான். ஆனால் நாலைந்து குடும்பங்கள் கூடி, ஓர் ஆசிரியரை அமர்த்தி, மாடியறையில் முறையாகக் கற்பிக்க முனைந்தால் 18-ஆம் பிரிவு குறுக்கே வரக்கூடும். அங்கீகாரமற்ற பள்ளி என்று கொள்ளப்பட்டால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. தனித்து ஒதுங்குவோருக்கு மௌனம், கூடிக் கற்பிப்போருக்கு மிரட்டல்.

இந்த மௌனத்தைச் சுதந்திரம் என்று கொண்டாடுவோர் டாங்ராவுக்கும் தோப்சியாவுக்கும் போய்ப் பார்ப்பதில்லை. பாலிகஞ்சுப் பிள்ளை பள்ளி செல்லாவிட்டால் அது கல்விமுறை மீதான விமரிசனம். தோப்சியாப் பிள்ளை செல்லாவிட்டால் அது இடைநிற்றல். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளை, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோ உதவலாம் என்கிறது அது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் ‘பள்ளி நேரத்திற்குப் பின்’ என்பது எந்த நேரம்? தோல் பட்டறைத் தெருவில் ஒரு தந்தை, ‘என் மகன் வீட்டில் படிக்கிறான்’ என்று நாளை சொன்னால், பாலிகஞ்சுக்கு வழங்கிய விடையை அவருக்கு மறுப்பது எந்த நியாயம்? வழங்கினாலோ, அச்சிறுவனைக் காப்பது யார்?

இவ்விடத்தில் தாகூரை இழுத்து வருவது வழக்கம். பள்ளிகளை வெறுத்து விலகியவர், ஜோராசாங்கோ வீட்டில் கற்றவர், உண்மைதான். அவ்வீட்டில் விடியற்காலையில் மல்யுத்தம் பயிற்ற ஒருவர், எலும்புக்கூட்டை வைத்து உடற்கூறு சொல்ல ஒரு மருத்துவ மாணவர், மாலையில் ஆங்கிலத்துக்கு இன்னொருவர் என ஆசிரியர் வரிசை நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியையே சம்பளம் கொடுத்து வீட்டுக்குள் வைத்திருந்த குடும்பம் அது. அவரும் 1901-இல் சாந்திநிகேதனில் தொடங்கியது பள்ளிதான்.

ரொக்கையாவின் கதை இன்னும் கூர்மையானது. பள்ளி வாசலை மிதியாமல், இரவில் அண்ணனிடம் மறைவாக எழுத்தறிந்தவர். வீட்டுக்கல்வியின் வெற்றிக்கு அவரை விடச் சான்று வேண்டுமா? அவரோ 1911 மார்ச்சில் கொல்கத்தா வலியுல்லா சந்தில் எட்டு மாணவியரோடு ஒரு பள்ளியைத் திறந்து, வீடு வீடாகச் சென்று பெண்பிள்ளைகளை அனுப்பும்படி இரந்தார். வீடு எப்படிப்பட்ட இடம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதே மாதம் அதே நகரில் கோகலே முன்வைத்த கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதா, மறு ஆண்டு 38-க்கு 13 என்ற வாக்கில் தோற்றது. அதிலும் கட்டாயம் முதலில் ஆண்பிள்ளைகளுக்கே.

பள்ளிக்கு வெளியே கற்க இந்நகரில் வளங்களுக்குக் குறைவில்லை: 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகம், குருசதய் சாலையின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம், ஷிப்பூர் தாவரவியல் பூங்கா, கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகள். தேர்வுக்கும் வழியுண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மண்டல மையம் இங்குள்ளது. 14 வயது நிரம்பியோர் அதன்வழிப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். மாநிலத்துக்கெனத் தனியே ரவீந்திர முக்த வித்யாலயா உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் பயன்கொள்ள முதலில் வேண்டியது, பகல் முழுதும் வீட்டிலிருக்க இயன்ற, படித்த ஒருவர். பெரும்பாலும் அவர் தாய்; வேலையைத் துறந்தவர். வீட்டுவழிக் கல்வி பற்றிய புகழுரைகளில் அவரது ஊதியம் கணக்கில் வருவதே இல்லை.

வேண்டுவது தடையன்று. 10-ஆம் பிரிவில் ‘வேறு வகை’ சேரட்டும்; அதோடு பதிவும் கட்டாயமாகட்டும். ஆண்டுக்கொரு முறை கல்வி அலுவலர் பிள்ளையை நேரில் கண்டு பேசட்டும். திறந்தநிலை அடிப்படைக் கல்வியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நிகரான நிலைகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கட்டணமின்றி எல்லோருக்கும் திறக்கலாம். மாடியறைக் கூட்டுக் கற்றலுக்கு 18-ஆம் பிரிவிலிருந்து விலக்கு அளிக்கலாம். பதிவு என்றதும் அரசின் ஊடுருவல் என்று பாலிகஞ்சு பதறும். அதே அடுக்ககத்தின் சமையலறையில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால், அவளையும் அந்த அலுவலர் பார்த்துவிடுவார் அல்லவா?