மூச்சை எண்ணத் தெரியுமா?

மார்கழி பிறந்துவிட்டால் கல்வராயன் மலையடிவாரத்தில் பனி இறங்கிவிடும். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைப் பக்கத்து ஈரக்காற்றோடு விறகடுப்புப் புகையும் மக்காச்சோளத் தூசியும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா? பாட்டிக்கு இருமல், பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு இருமல், தொட்டில் குழந்தைக்கும் இருமல். "எல்லாம் மார்ச்சளிதான்" என்று மூவருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கலாமா, சகோதரிகளே? கூடவே கூடாது!

பையனைப் பாருங்கள். ஜுரம் இல்லை. பகலில் ஓடியாடுகிறான், விடியற்காலையில் மூச்சை வெளியே விடும்போது மார்பில் 'கீச், கீச்' என்று விசில் சத்தம். போன மாதமும் இப்படியே வந்து தணிந்தது. வந்து வந்து போவது ஆஸ்துமாவின் குணம். மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குவதால் வரும் தொல்லை இது. கிருமியைக் கொல்லும் மருந்து இதற்கு உதவாது. "இன்ஹேலர் பழகிப்போய்விடுமே!" என்று பயப்படாதீர்கள். சால்பூட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரில் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. வீக்கத்தை அடக்க டாக்டர் தரும் மற்றொரு இன்ஹேலரை, இழுப்பு நின்றதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தொட்டில் குழந்தையின் கதை வேறு. ஜுரம், இருமல், வேகமான மூச்சு என்றால் நிமோனியாவாக இருக்கலாம். பாப்புவா நியூகினியில் பிராங்க் ஷான் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், குழந்தையின் மூச்சை எண்ணியே இந்த நோயைச் சந்தேகிக்கலாம் என்று 1984-ல் எழுதினார்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். நிமோனியாவுக்குத்தான் அமாக்ஸிஸிலின் போன்ற மருந்து. அதை டாக்டர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

பாட்டியோ ஏமாற்றிவிடுவாள்! வயதானவர்களுக்கு ஜுரமே இல்லாமலும் நிமோனியா வரும். சோறு வேண்டாம் என்பதும், பேச்சு திடீரென்று குழம்புவதுமே அடையாளமாக இருக்கக்கூடும்.

மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாவிட்டாலோ கஷாயம் வைத்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நியுமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. தவறவிடாதீர்கள். அப்படியே, உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் விநாடி முள் ஓடுகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்!